ஒரு வருஷம் ஏஐக்குக் காசு கட்டிய பனியன் கம்பெனிக்காரியின் ரிவ்யூ

2025 பொங்கல் லீவு முடிந்து ஆட்கள் ஒவ்வொருவராக ஊரிலிருந்து திரும்பிக் கொண்டிருந்த வாரம். பாதி மிஷின்கள் துணி போர்த்திக் கிடந்தன. நான் கணக்குப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் கோயமுத்தூரிலிருந்து ஒரு தம்பி லேப்டாப்போடு வந்தார். "உங்க கம்பெனிக்கு ஒரு மூளை வெச்சுத் தர்றோங்க்கா" என்றார். வருஷத்துக்கு 24,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 28,320. பக்கத்து யூனிட்டில் எல்லோரும் ஏஐ ஏஐ என்று பேசும்போது நாம் மட்டும் விட்டுவிட்டோமோ என்று ஒரு பதட்டம் இருக்குமே, அதில்தான் கையெழுத்துப் போட்டேன்.

வருஷம் முடிந்துவிட்டது, ரென்யூவலுக்குப் போன் வந்துகொண்டே இருக்கிறது, தெரிந்தவர்கள் நாலு பேர் "வாங்கலாமுங்களா?" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல நேரமில்லை, அதனால் இது. விற்ற கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை, அந்தத் தம்பி பாவம், அவரும் டார்கெட்டுக்கு ஓடுகிறவர்தான்.

எங்களுடையது திருப்பூர் பெருமாநல்லூர் பக்கம் 26 மிஷின் போட்ட சின்ன யூனிட். ஓவர்லாக், பிளாட்லாக், பவர் டேபிள் என்று தையல் மிஷின்கள், ஒரு கட்டிங் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங். பாதி வேலை பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஜாப் ஒர்க் (கூலிக்குத் தைத்துக் கொடுப்பது), மீதி ஈரோடு, சேலம் வியாபாரிகளுக்கு லோக்கல் டி-சர்ட். அன்றாட நோட்டு எழுதுவது என் மாமனார். நான் பில்லிங், பேங்க், போன். இதைச் சொல்வது ஏனென்றால் 500 மிஷின் போட்டவருக்கு நான் சொல்வது பொருந்தாது.

அந்தத் தம்பி ஒரு மணி நேரம் பேசியும் ஏஐ என்றால் என்னவென்று எனக்கு விளங்கவில்லை. பிறகு இன்ஜினியரிங் படிக்கும் என் அக்கா மகன் செக்கிங் டேபிளைக் காட்டிச் சொன்னபோதுதான் பிடிபட்டது. டாலி மாதிரி சாதா கணக்கு சாப்ட்வேர் என்றால் யாரோ ஒருவர் விதியை எழுதி வைத்திருக்கிறார், 5 சதவீதம் என்றால் 5 சதவீதம், அது யோசிக்காது. ஆனால் செக்கிங்குக்குப் புதிதாக வரும் பெண்ணுக்கு நாம் விதி எழுதியா கொடுக்கிறோம்? பழைய ஆள் பக்கத்தில் பத்து நாள் உட்கார வைக்கிறோம், இது ஓகே, இது ஆல்டர் (திருத்தித் தைக்க வேண்டியது), இது ரிஜெக்ட் என்று ஆயிரக்கணக்கில் பீஸைப் பார்க்கிறாள், பதினோராம் நாள் கண்ணே பழகிவிடுகிறது, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இப்போது ஏஐ என்று விற்கிறவற்றில் பெரும்பாலானவை இப்படி மாதிரிகளைக் காட்டிப் பழக்கிய மிஷின்தான். பெயரும் ஒன்றும் புதிதில்லை. அமெரிக்காவில் ஜான் மெக்கார்த்தியும் இன்னும் மூன்று பேரும் 1955இல் எழுதிய ஒரு திட்டக் குறிப்பில் வந்த பெயர், 1956 கோடையில் டார்ட்மவுத் கல்லூரியில் அதற்கென்றே ஒரு கூட்டமும் நடந்தது. நம் காதுக்கு அது வந்து சேர்ந்தது 2022 நவம்பர் 30ஆம் தேதி சாட்ஜிபிடி வெளியான பிறகு.

அந்த மாதிரி பேசும் ஏஐக்கள் அதிலேயே வேறு ஒரு ரகம். ஏராளமான எழுத்தைப் படித்துப் பழகி, இந்தச் சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகும். பொருந்துவது வேறு, உண்மை வேறு என்பதால் தெரியாததையும் தெரிந்த குரலிலேயே சொல்லிவிடும். இந்த ஒரு விஷயத்தை அந்தத் தம்பி முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்குச் சில ஆயிரம் மிச்சமாகியிருக்கும்.

சரி, பேக்கேஜுக்கு வருகிறேன். மூன்று சாமான் இருந்தது: வாட்ஸப்பில் தானாகப் பதில் சொல்லும் பாட், அடுத்த மாத உற்பத்தியை முன்கூட்டிச் சொல்லும் டேஷ்போர்டு, முகத்தைப் பார்த்து வருகை போடும் மிஷின்.

முகம் பார்க்கும் மிஷின் நன்றாகவே வேலை செய்தது. பஞ்சுத் தூசிக்கு மாஸ்க் போட்டு நின்றால் மட்டும் முழிக்கும். அதைப் பற்றிச் சொல்ல வேறு பெரிதாக ஒன்றுமில்லை.

வாட்ஸப் பாட்தான் மானத்தை வாங்கியது. முதல் இரண்டு மாதம் எனக்கே ஆசையாக இருந்தது, ராத்திரி 11 மணிக்கு யாராவது "எல் சைஸ் இருக்குங்களா" என்று கேட்டால் அழகாகப் பதில் போகும். ஆனி மாதம் ஈரோட்டு வியாபாரி ஒருவர் ரவுண்ட் நெக், 180 ஜிஎஸ்எம் (துணியின் கனம்), 300 பீஸ், என்ன ரேட், எப்ப கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார். பாட் "110 ரூபாய், மூன்று நாளில் டெலிவரி" என்று நன்றி வணக்கத்தோடு அனுப்பிவிட்டது. அப்போது எங்கள் ரேட் 135. 110 எங்கிருந்து வந்தது என்று தோண்டிப் பார்த்தால், ஆரம்பத்தில் அவர்கள் கேட்டார்களே என்று நான் அனுப்பிய பழைய பைல்களில் 2023 ரேட் சார்ட்டும் இருந்திருக்கிறது. மூன்று நாள் என்பதை யார் சொன்னார்கள் என்று இன்று வரை தெரியாது. வியாபாரி ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி "உங்க கம்பெனி நெம்பர்லதானுங்க வந்துச்சு" என்றார், அவர் கேட்டதில் தப்பே இல்லை. நடுவில் ஒரு ரேட்டுக்கு ஒத்துக்கொண்டு தைத்துக் கொடுத்தோம். கஸ்டமர் கேரில் கேட்டதற்கு, பாட் சொல்வதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம்.

அப்புறம்தான் அக்கா மகன் சொன்னான். கனடாவில் ஏர் கனடா விமானக் கம்பெனியின் சாட்பாட், துக்கத்துக்குப் போகும் பயணிக்கான சலுகையைப் பற்றித் தப்பாகச் சொல்லிவிட, வழக்கு வந்தபோது சாட்பாட் தன் பேச்சுக்குத் தானே பொறுப்பு என்கிற அளவுக்குக் கம்பெனி வாதாடியிருக்கிறது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதெல்லாம் செல்லாது, உன் வெப்சைட்டில் இருப்பதற்கு நீதான் பொறுப்பு என்று பயணிக்குப் பணம் கொடுக்கச் சொல்லிவிட்டது. விமானம் ஓட்டுகிறவனுக்கே அந்த நிலைமை. மறுநாளே எங்கள் பாட் ரேட்டும் தேதியும் பேசுவதை நிறுத்தச் சொன்னேன். அதற்குப் பிறகு அது "எங்கள் பிரதிநிதி உங்களைத் தொடர்புகொள்வார்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது, அந்தப் பிரதிநிதி நான்தான்.

முன்கணிப்பு டேஷ்போர்டு பற்றிச் சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டு வருஷ டேட்டா வேண்டும் என்றார்கள். எங்களிடம் இருந்தது டாலி பில். எந்த நாள் எந்த லைனில் எத்தனை பீஸ் ஓடியது, எத்தனை ஆல்டர் வந்தது என்பதெல்லாம் மாமா நோட்டில் பேனாவில் இருக்கிறது, அதை யாரும் கேட்கவில்லை. பில்லை மட்டும் போட்டு அழகான கோடு ஒன்று வரைந்து கொடுத்தார்கள். போன வருஷம் எந்த வாரம் உச்சமோ இந்த வருஷமும் அதே வாரம் உச்சம் என்றது அந்தக் கோடு. கட்டிங் மாஸ்டர் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஏனுங்க அம்மிணி, இந்த வருசம் தீவாளி பதினோரு நாள் முந்தி வருதுங்களே, இதுக்குத் தெரியாதா?" என்றார். 2024இல் தீபாவளி அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. லோக்கல் சரக்கு தைக்கிறவனுக்கு பதினோரு நாள் என்பது ஒரு ஆர்டரின் உயிர். அந்தக் கோட்டை நம்பித் துணி வாங்கியிருந்தால் தீபாவளி வியாபாரம் முடிந்த பிறகு என் சரக்கு போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆகஸ்டில் இன்னொரு கூத்து. அமெரிக்கா இந்தியச் சரக்குக்குப் போட்ட கூடுதல் வரி 2025 ஆகஸ்ட் 27 முதல் மொத்தம் 50 சதவீதம் என்று ஆனதும் பெரிய கம்பெனியிலிருந்து கட்டிங்கை நிறுத்தி வையுங்கள் என்று போன். அன்றைக்கு டேஷ்போர்டில் செப்டம்பருக்கு பச்சை அம்புக்குறி மேலே போய்க்கொண்டிருந்தது. இதற்காக அதைக் குறை சொல்ல மாட்டேன், ட்ரம்ப் என்ன செய்வார் என்று யாருக்கும்தான் தெரியாது. ஆனால் "மார்க்கெட்டை முன்கூட்டியே சொல்லும்" என்று நோட்டீஸில் அச்சடித்தது அவர்கள்தானே.

இந்தப் பேக்கேஜுக்கு 5க்கு ஒன்றரை கொடுக்கிறேன், அதில் ஒன்று முகம் பார்க்கும் மிஷினுக்கு.

இப்போது, காசு கொடுத்து வாங்கியதைவிட ஓசியில் வந்தது எப்படி வேலை செய்தது என்பதைச் சொல்ல வேண்டும். அக்கா மகன் சித்திரையில் வந்தபோது என் போனில் பேசும் ஏஐ ஒன்றைப் போட்டுவிட்டான். மூன்று மாதம் இலவசத்திலேயே ஓட்டினேன், பிறகு மாதச் சந்தாவுக்கு மாறினேன், ஒரு டெய்லரின் ஒரு ஷிப்ட் கூலிக்குள் அடங்கிவிடும். இதுவும் தப்புச் செய்தது என்பதால் இதன் பெயரும் வேண்டாம், எல்லாக் கம்பெனியிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் என்கிறார்கள்.

நான் பி.காம். தமிழ் மீடியம். பெரிய கம்பெனியில் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அனுப்பும் இங்கிலீஷ் மெயில் புரியும், பதில் எழுதத்தான் கை நடுங்கும். முன்பெல்லாம் ஒரு மெயிலுக்கு முக்கால் மணி நேரம், கடைசியில் "ஓகே சார் வில் டூ" என்று அனுப்பி, செய்ய முடியாததற்கும் தலையாட்டியதாக ஆகிவிடும். இப்போது தமிழிலேயே, "துணி இரண்டு நாள் லேட்டாக வந்தது, அதனால் டெலிவரி இரண்டு நாள் தள்ளும், இது எங்கள் தவறு இல்லை, ஆனால் மரியாதையாகச் சொல்" என்று பேசினால் எழுதிக் கொடுத்துவிடுகிறது. பத்து வருஷமாக நான் முழுங்கிய பதில்களை இந்த வருஷம்தான் எழுதினேன். இந்த ஒன்றுக்கே சந்தா தகும்.

ஒடிசா, பீகார் ஆட்களுக்கு நோட்டீஸ் எழுதுவதற்கும் இதுதான். பிஎஃப் ஏன் பிடிக்கிறோம், தீ பிடித்தால் எந்த வாசல், ஷிப்ட் நேரம் எல்லாம் ஒடியாவிலும் இந்தியிலும் போட்டு ஒட்டினேன். முதல் நோட்டீஸைப் பார்த்து பிளாட்லாக் போடும் ஒடிசாப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அக்கா, ஸ்கூல் புக் மாதிரி இருக்கு" என்றாள், அவளே உட்கார்ந்து நாலு வார்த்தை மாற்றிக் கொடுத்தாள். அதிலிருந்து எது ஒட்டினாலும் அவளிடம் காட்டிவிட்டுத்தான்.

தப்புகளைச் சொல்கிறேன். டெக் பேக்கை (ஆர்டரோடு வரும் அளவு, டிசைன் விவரத் தாள்) அதனிடம் கொடுத்து அளவு சார்ட்டைத் தமிழில் பட்டியலாகப் போடச் சொன்னேன். எல் சைஸுக்கு அரை மார்பு 54 சென்டிமீட்டர், அதாவது பீஸைத் தட்டையாக வைத்து அளப்பது. அது என்ன நினைத்ததோ இரட்டிப்பாக்கி, "அகலம் 108" என்று போட்டுவிட்டது. நான் கவனிக்கவில்லை. மாஸ்டர் அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதெத் தெச்சா டாப்சிலிப் ஆனைக்குத்தாம் போடோணும்" என்றார். சிரித்துவிட்டோம், ஆனால் வித்தியாசம் இரட்டிப்பாக இல்லாமல் இரண்டு சென்டிமீட்டராக இருந்திருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டோம், அப்படியே வெட்டியிருப்போம். அதனால் அளவு விஷயத்தில் ஒரிஜினல் பேப்பர்தான் கட்டிங் டேபிளுக்குப் போகும் என்று இப்போது விதி.

ஜிஎஸ்டியும் அப்படித்தான். ஹூடி செட் ஒன்று 1,400 ரூபாய்க்குப் போகிறது, வரி எவ்வளவு என்று அக்டோபரில் கேட்டால் ஆயிரத்துக்கு மேல் 12 சதவீதம் என்றது, சந்தேகமே இல்லாமல். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 என்று மாறியது அதற்குத் தெரியவில்லை. அது படித்து முடித்த தேதிக்குப் பிறகு நடந்தது அதன் தலையில் இருக்காதாம். நெட்டில் தேடிப் பார்த்துச் சொல் என்றதும் உடனே மன்னிப்புக் கேட்டு மாற்றிச் சொன்னது. மன்னிப்புக் கேட்பதில் மட்டும் அதை மிஞ்ச ஆளில்லை.

பாக்கி வசூல் கடிதம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய விஷயம், இங்கே எல்லோருக்கும் உள்ள நோவு. ஒரு பார்ட்டி நாலு மாதமாக ஜாப் ஒர்க் பணம் தரவில்லை. உத்யம் என்ற அரசுப் பதிவு செய்த சிறு நிறுவனத்துக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்று சிறு நிறுவனங்களுக்கான 2006ஆம் வருஷத்து எம்எஸ்எம்இ சட்டம் 15ஆம் பிரிவு சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி என்கிறது 16ஆம் பிரிவு. இதெல்லாம் ஆடிட்டர் சொல்லித் தெரியும், ஆனால் உறவு முறியாமல் எப்படிக் கேட்பது? நிலவரத்தைச் சொன்னதும் ஏஐ எழுதிய கடிதம், உண்மையாகவே, நான் பார்த்த வக்கீல் நோட்டீஸ்களைவிடப் பக்குவமாக இருந்தது. இரண்டு பிரிவையும் சரியாகச் சொல்லியிருந்தது. கூடவே ஒரு கோர்ட் தீர்ப்பையும் சேர்த்திருந்தது, வருஷத்தோடு. ஆடிட்டர் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு தீர்ப்பே இல்லை, இதை அனுப்பியிருந்தால் அவர்கள் வக்கீல் உங்களைக் கிழித்திருப்பார் என்றார். 2023இல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் இப்படி சாட்ஜிபிடி கற்பனை செய்த வழக்குகளைக் கோர்ட்டிலேயே தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் வாங்கினார்களாம். தீர்ப்பை வெட்டிவிட்டு மீதியை அனுப்பினேன். பாதிப் பணம் பத்து நாளில் வந்தது, மீதி தவணையில் வந்துகொண்டிருக்கிறது.

எனக்கு மிகவும் உதவியது என்றால் மாமா நோட்டுதான். மே மாத லீவில் அக்கா மகனும் நானும் உட்கார்ந்து 14 மாத நோட்டை அப்படியே ஷீட்டில் ஏற்றினோம். மாமா வெறும் எண்ணிக்கை எழுதுகிறவர் இல்லை, "மழை, கரண்ட் 3 மணி நேரம் இல்லை", "ஒடிசாப் பசங்க 6 பேர் ஊருக்கு", "நூல் கலர் மாறிப் போச்சு" என்று ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதி வைத்திருப்பார். அதையும் ஏற்றினோம். பெயர்களை எடுத்துவிட்டு ஏஐயிடம் கொடுத்து ஆல்டர் பீஸ் எந்த நாளில் அதிகம் என்று கேட்டோம். திங்கட்கிழமை மற்ற நாளைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சனிக்கிழமை சம்பளம், திங்கள் ஆள் குறைவு, செக்கிங் ஹெல்பரைப் பிளாட்லாக்கில் உட்கார வைப்போம், அதே நாளில் புது ஸ்டைலும் லைனில் ஏற்றுவோம். மாஸ்டர் அண்ணன் "இது எனக்கு இருவது வருசமாத் தெரியுமே" என்றார். தெரியும்தான், ஆனால் ஒருநாளும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. புது ஸ்டைல் ஏற்றுவதைச் செவ்வாய்க்கு மாற்றினோம். ஆல்டர் குறைந்தது, அவ்வளவுதான் செய்தோம். 28,320 ரூபாய் மூளைக்குக் கிடைக்காத தீனி அந்த நோட்டில் இருந்திருக்கிறது.

ஓசியில் வந்த இந்தப் பேசும் ஏஐக்கு 5க்கு நாலு கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது தெரியாததைத் தெரியாது என்று சொல்லாததற்கு.

வாங்காமல் பார்த்துவிட்டு மட்டும் வந்தது ஒன்று உண்டு. மங்கலம் ரோட்டில் சொந்தக்காரர் நிட்டிங் யூனிட்டில் மிஷினுக்குள் கேமரா வைத்திருக்கிறார், சுற்றிக்கொண்டே இறங்கும் துணியைப் பார்த்துக்கொண்டே இருக்கும், ஓட்டை, நீடில் லைன் (ஊசிக் கோடு), லைக்ரா கட் (லைக்ரா நூல் அறுந்தது) வந்தால் மிஷினை நிறுத்திவிடும். ஒரு ஊசி உடைந்ததை ராத்திரி ஷிப்டில் யாரும் கவனிக்காவிட்டால் ரோல் முழுக்கக் கோடுதான், அது எங்கள் கட்டிங் டேபிளுக்கு வந்த பிறகு தெரிந்து என்ன பயன். அந்தக் கேமராவுக்குப் பேசத் தெரியாது, தீபாவளி எப்போதென்று தெரியாது, துணியில் குறை இருக்கா இல்லையா என்ற ஒரே கேள்விக்கு மட்டும் படித்திருக்கிறது. திருப்பூரில் நான் பார்த்த ஏஐயில் சந்தேகமில்லாமல் காசுக்கு ஏற்ற சாமான் இதுதான். நான் துணி ஓட்டுகிறவள் இல்லை, அதனால் எனக்கு வேண்டியதில்லை. நிட்டிங் வைத்திருப்பவர்கள் ஓடும் மிஷினில் டெமோ கேட்டுப் பாருங்கள், வீடியோவில் வேண்டாம்.

இன்னொன்று, ஆர்டர் கொடுக்கும் பையருடைய டிசைனை இந்தப் பேசும் ஏஐயில் ஏற்றாதீர்கள். 2023இல் சாம்சங் இன்ஜினியர்கள் கம்பெனியின் ரகசிய சாப்ட்வேர் புரோகிராமைச் சாட்ஜிபிடியில் போட்டுவிட்டு, கம்பெனியே அதைத் தடை செய்யும்படி ஆனது. எங்கள் மெர்ச்சண்டைசரும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். செட்டிங்ஸில் நம் பேச்சைப் பயிற்சிக்கு எடுக்காதே என்று அணைக்கும் வசதி இருக்கிறது, முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

ரென்யூவலுக்கு நேற்றும் அந்தத் தம்பி பேசினார், 20 சதவீதம் தள்ளுபடி என்றார். முகம் பார்க்கும் மிஷின் மட்டும் போதும் தம்பி என்றேன், தனியாகக் கொடுக்க மாட்டோங்க்கா, பேக்கேஜாகத்தான் என்றார். சந்தா முடிந்த அன்றே அது லாக் ஆகிவிட்டது, வாங்கும்போது யாரும் அதைச் சொல்லவில்லை. மாமா மறுபடி வருகை நோட்டுப் போட்டுவிட்டார். மிஷின் இப்போது வாசலில் வெறும் கண்ணாடியாக நிற்கிறது, போகும்போது பொண்ணுங்க அதில் பொட்டைச் சரி பண்ணிக்கொண்டு போகிறார்கள். யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஸ்டாண்ட் நல்ல இரும்பு.